ஒரு சலவைக்குப் பிறகு

துணிக்கடையில் அவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் ஒரு சட்டையை எடுத்தால் அதன் நிறத்தைப் பார்ப்பார்கள், கண்ணாடி முன்னால் போய் மார்பில் வைத்துப் பார்ப்பார்கள், பிடித்தால் வாங்குவார்கள். இவர்கள் மட்டும் எடுத்த எடுப்பில் அதை உள்வெளியாகப் புரட்டுவார்கள். தோள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள், காஜாவை நகத்தால் நெருடுவார்கள், ஓரத்தில் தொங்கும் ஒரு பிசிறு நூலைக் கண்டுபிடித்துக் குற்றவாளியைப் பிடித்த போலீஸ்காரரைப் போல அதை விற்பனைப் பெண்ணின் கண்ணெதிரே தூக்கிக் காட்டுவார்கள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கூட வந்தவரிடம் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள்: "இதுல என்ன இருக்கு? நானே தைச்சுடுவேன்."

அந்த இனத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'நானே தைச்சுடுவேன்' இனம். இதில் ஆண்கள் உண்டு, பெண்கள் உண்டு, தையல் மெஷின் இருப்பவர்கள் உண்டு, பக்கத்து வீட்டு மெஷினை நம்பியே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. ஏதோ தூரத்தில் நின்று ஆராய்ச்சி செய்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்த இனத்தின் மூத்த உறுப்பினர். பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், நான் முதலில் பார்ப்பது அவருடைய காலரைத்தான். உள்ளே கொடுத்திருக்கும் கேன்வாஸ் மடங்கியிருந்தால் அவருக்காக உண்மையிலேயே வருத்தப்படுவேன்.

எங்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? வெகு சுலபம். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். மூன்றாவது எட்டில் "ஆ" என்றால் அது எங்கள் வீடு. குண்டூசி இல்லாத இடமே எங்கள் வீட்டில் கிடையாது, குண்டூசி டப்பாவைத் தவிர. பிஸ்கட் டின்னைத் திறந்தால் பட்டன் இருக்கும். மிட்டாய் டப்பாவைத் திறந்தால் நூல்கண்டு இருக்கும். அலமாரியின் கீழ்த்தட்டை மட்டும் திறக்காதீர்கள், அதில் துணி இருக்கிறது. திறந்தால் மறுபடி மூட இரண்டு ஆள் வேண்டும். எதற்கு இத்தனை துணி என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு, வாங்கினேன்" என்போம். துணி வாங்குவதும் துணி தைப்பதும் இரண்டு தனித்தனிப் பொழுதுபோக்குகள் என்பது வெளியாட்களுக்குப் புரிவதில்லை. முதலாவதில் நான் கரை கண்டவள்.

எங்கள் வீட்டில் இரண்டு கத்தரிக்கோல்கள் உண்டு. ஒன்று உலகத்துக்கானது. இன்னொன்று துணிக்கானது. ஒருநாள் நான் சமையலறைக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தார். எதைக் கொண்டு? கேட்காதீர்கள், இன்னமும் எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு நாள் அவருடன் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் சமாதானமானபோது, "இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே வெட்டியிருப்பேனே" என்றார் அந்த மனிதர்.

எங்களுக்கென்று ஒரு கால அளவும் உண்டு. அதன் பெயர் 'அரை மணி நேர வேலை'. எங்கள் கணக்கில் தலையணை உறையும் அரை மணி நேர வேலைதான், ஓவர்கோட்டும் அரை மணி நேர வேலைதான். மெஷின் மேல் குவிந்திருக்கும் மடிக்காத துணிகளை இடம் மாற்ற, அடிநூல் சுற்றும் பாபினைத் தேட, பாபின் கட்டிலுக்கடியில் உருண்டு போனதைக் கண்டுபிடிக்க, ஊசியில் நூலைக் கோக்கத் திணறி மகளைக் கூப்பிட, கோத்த பிறகு நூலின் நிறம் வேறு என்று கவனிக்க, இத்தனைக்கும் சேர்த்தே அந்த அரை மணி நேரம் சரியாகப் போய்விடும். அதற்கப்புறம் ஆகும் மூன்று வாரங்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எம்பிராய்டரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கை என்னை மன்னிக்காது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு உருவம், குருவி. அதைத் தலையணை உறையில் போட்டிருக்கிறேன், மேசை விரிப்பில் போட்டிருக்கிறேன், என் தங்கைக்குத் தைத்துக் கொடுத்த துணிப்பையில் போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். "கெட்டில் ரொம்ப தத்ரூபமா இருக்கு" என்றார் எதிர் வீட்டு டீச்சர். அலகு கொஞ்சம் நீண்டுவிட்டது, வயிறு கொஞ்சம் உப்பிவிட்டது, உண்மைதான். "கெட்டிலுக்கு எதுக்கு ரெண்டு கால்?" என்று தங்கை மட்டும் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், எதிலும் ஒரு குறை.

ஒருமுறை மடியில் வைத்து அந்தக் குருவியை மும்முரமாகப் பின்னிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. எழுந்தேன். தலையணை உறையும் கூடவே எழுந்தது. அரை மணி நேரமாக உறையையும் என் நைட்டியையும் சேர்த்தே பின்னியிருக்கிறேன். முன்னால் கெட்டில் தொங்க, மன்னிக்கவும், குருவி தொங்கக் கதவைத் திறந்து கூரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூரியர்க்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை வீடு பார்த்தவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவள் தைத்ததை வீட்டில் எவரும் போட்டுக்கொள்வார்களா என்று நீங்கள் நினைக்கலாம். போட்டுக்கொள்கிறார்கள். அங்கேதான் என் கொள்கை வருகிறது. எங்கள் இனத்தில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. சிலர் "இதுதான் இப்ப ஃபேஷன்" என்பார்கள். சிலர் "நீ நிமிர்ந்து நின்னா சரியா இருக்கும்" என்று பழியைத் தூக்கி முதுகெலும்பின் மேல் போடுவார்கள். நான் சொல்வது இது: "ஒரு சலவை போனா தானா உக்காந்துடும்."

இதைச் சும்மா சொல்லவில்லை, கண்கூடாகப் பார்த்துச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு நீலக் கோடு போட்ட சட்டை தைத்தேன். தைத்த அன்று ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயுமாக, ஒற்றைத் தோளில் மூட்டை சுமக்கிறவரைப் போலக் கண்ணாடி முன்னால் நின்றார். "துவைச்சுப் போடுங்க, சரியாயிடும்" என்றேன். நாலு நாள் கழித்துப் போட்டார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில், அளவெடுத்தாற்போல. மகளின் பைஜாமாவில் ஒரு கால் குட்டையாக இருந்தது. ஒரு சலவை. இரண்டு காலும் சமம். துணிக்கென்று ஒரு குணம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் தன் இடத்தை அது தானே தேடிக்கொள்ளும் என்று வருகிற போகிற எல்லோருக்கும் விளக்கினேன். ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கும் விளக்கினேன்.

இந்தக் கொள்கை பிறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் என் தையல் உட்காராது. அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. அந்த வருஷம் மகளுடைய பள்ளி ஆண்டு விழாவில் கூட்டுப் பாட்டு. முப்பது பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. நான்தான் கவுன் தைத்தேன். பாட்டின் கடைசி வரியில் முப்பது பேரும் கையை உயர்த்த வேண்டும், உயர்த்தினார்கள். மகளின் அக்குளில் தையல் விட்டது. சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது. நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். "மைக்குல ஏதோ கோளாறு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மகள் மற்ற இருபத்தொன்பது பேரும் கையை இறக்கும் முன்பே தன் கையை இறக்கி உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பாருங்கள், என் கை எப்படியோ தேறிவிட்டது. அதற்கப்புறம் நான் தைத்த எதுவும் விட்டதில்லை, ஒரு சலவை மட்டும் போனால் போதும்.

இந்த வருஷம் அவளுக்குப் பதினாலு வயது. ஆண்டு விழாவில் தனியாகப் பாடப் போகிறாள். மேடையில் அவள் மட்டும், மேலே விளக்கு, எதிரே அறுநூறு பேர். சேதி வந்த அன்றே நான் துணி எடுத்துவிட்டேன். இளம் பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

மகள் துணியைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தடவை கடையில வாங்கிக்கலாமா?" என்றாள்.

"ஏன், நான் தைச்சா என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்னு."

"என்ன சிரமம்? அரை மணி நேர வேலை."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைப் பார்த்தார். பேப்பருக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "தைக்கட்டும் விடும்மா. ஆனா ஒரு பத்து நாள் முன்னாடியே முடிச்சுக் குடுத்துடு. அதுதான் முக்கியம்."

"ஆமாம்மா" என்றாள் மகள். "ஒரு சலவை போடணும்ல."

என் கொள்கையைக் குடும்பமே ஏற்றுக்கொண்டுவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் முன்னால் முடித்தேனா? எங்கள் இனத்தில் யாராவது முடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்து நாள் முன்னால் நான் நெஞ்சுப் பகுதியில் குருவி பின்னிக்கொண்டிருந்தேன். விழா சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் உடம்புப் பகுதியை மூட்டினேன். புதன்கிழமை சாயங்காலம் கைகளை எடுத்து வைத்தபோதுதான் கவனித்தேன்.

இரண்டும் வலது கை.

தைக்கத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சட்டைக் கைக்கு முன்பக்கம் ஒரு வளைவு, பின்பக்கம் வேறொரு வளைவு. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் வலதும் இடதும் ஜோடியாக வந்துவிடும். நான் துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டாவதை வெட்டும்போது மாதிரிக் காகிதத்தைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். உள்வெளியாகத் திருப்பித் தைக்கவும் வழியில்லை, பூ ஒரு பக்கம்தான். மிச்சம் பிடித்த துணியில் ஒரு கைக்குட்டை வேண்டுமானால் தைக்கலாம். கடையில் கேட்டேன், அந்தத் துணி தீர்ந்துவிட்டது என்றார்கள். மறுபடி மகள் மேடையில் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் கண்ணில் தெரிந்தது. எந்தச் சலவையும் வலது கையை இடது கையாக்காது. அந்த அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் இனம் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? ரகசியமாக டெய்லரிடம் போகும். அதற்கும் முறை இருக்கிறது. பக்கத்துத் தெரு டெய்லரிடம் போகக் கூடாது, சேதி நமக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். நம்மை யாருக்கும் தெரியாத தூரத்துக் கடையாக இருக்க வேண்டும். போனதும், கொண்டு வந்தது நாம் தைத்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, சந்துக்குள் சந்தாக இருந்த ஒரு கடையைப் பிடித்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வாயில் இரண்டு குண்டூசியோடு ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்க ஓரகத்தியோட தங்கச்சி தைச்சது இது. பாவம், புதுசா கத்துக்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கவுனை வாங்கினார். கைகள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் வலது."

"ஆமாண்ணா. அந்தப் பொண்ணு கொஞ்சம் அவசரக்காரி."

கவுனைப் புரட்டித் தோள் தையலைப் பார்த்தார். பிறகு நெஞ்சிலிருந்த குருவியைப் பார்த்தார். அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னன்னு எனக்குத் தெரியலை" என்றார். "ஆனா இதை எனக்குத் தெரியும்."

என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பினார். நானும் திரும்பினேன். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் துணிகள். மூன்றாவது ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதில் ஒரு கெட்டில், இரண்டு காலோடு. என் தங்கையின் பை, ஜிப் பிரித்து வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், போன வாரம் வீட்டுக்காரருக்கு நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டை. "துவைக்கப் போட்டிருக்கேன்" என்று அவர் சொன்ன அதே சட்டை. ஒரு கை பிரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, என் தையல் முழுக்க உருவி எடுக்கப்பட்டு, எங்கள் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்து கிடப்பவர்களைப் போல அது பரிதாபமாகத் தொங்கியது.

உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்மா. முதல்ல சார் வந்தாரு, அப்புறம் பாப்பா, இப்ப உங்க தங்கச்சியும். தெரு பக்கம் யாருக்கும் தெரியாத கடையா வேணும்னு தேடி வந்தாங்களாம். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இரண்டு வருஷம். என் கை தேறிய இரண்டு வருஷம். ஒரு சலவை. நான்கு நாள். எல்லாம் ஒரே நொடியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது, தண்ணீர் படாமலேயே.

கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வந்தது. கவுனைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நேரே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் காட்டி நாலு கேள்வி கேட்க வேண்டும், கவுனைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடையில் ஒன்று வாங்கி மகள் கையில் திணிக்க வேண்டும் என்று இருந்தது.

"முந்தாநாள் பாப்பா வந்துச்சு" என்றார் டெய்லர். "வெள்ளிக்கிழமை ஒரு கவுன் கொண்டு வருவேன் அங்கிள், ஒரே நாள்ல சரி பண்ணிக் குடுப்பீங்களான்னுச்சு. ஒரே நாள் கஷ்டம்மா, மேடைக்குத்தானே, ரெடிமேடா ஒண்ணு எடுத்துக்கோயேன்னேன். மாட்டேன்னுடுச்சு. 'அம்மா குருவி போட்டிருக்காங்க, அதைத்தான் போட்டுக்குவேன்'னுச்சு."

குருவி என்றா சொன்னாள்? மறுபடி கேட்டேன். குருவி என்றுதான் சொன்னாளாம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அது குருவியாகத் தெரிந்திருக்கிறது. கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கைக்கு அகப்பட்டது அந்தக் கவுன்தான், துடைத்துக்கொண்டேன்.

"இதைச் சரி பண்ண முடியுமாண்ணா?"

"கீழ மடிப்புல நாலு விரல் விட்டிருக்கீங்க."

"வளர்ற பொண்ணு, அதான்."

"அது போதும். அதுலேருந்து எடுத்து அக்குள்ல ஒட்டுக் குடுத்துடலாம், வெளிய தெரியாது. நாளைக்கு முடிச்சுடுவேன்."

"அப்ப இப்பவே வெச்சுட்டுப் போறேன்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்க இங்க வெச்சுட்டுப் போயிட்டா, நாளைக்குப் பாப்பா எதைக் கொண்டு வரும்?"

நியாயமான கேள்வி.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கையை நீங்களே வெச்சுத் தைச்சுக் குடுத்துடுங்க. ஒண்ணே ஒண்ணு. தையலைப் பெருசு பெருசாப் போடுங்க. பிரிக்கச் சுலபமா இருக்கும்."

பதினெட்டு வருஷத் தையல் வாழ்க்கையில் ஒரு டெய்லர் சொன்னதை நான் அப்படியே கேட்டு நடந்தது அன்றுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டு வலது கைகளையும் இரண்டு பக்கமும் வைத்து, நீளத் தையலாகப் போட்டு இணைத்தேன். அரை மணி நேரம்தான் ஆனது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்ன நேரத்தில் முடித்தேன். மகள் போட்டுப் பார்த்தாள். இடது கை பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு, யாரோ அவளைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் நின்றது.

அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் தயாராக வரும் வசனம் அன்றுதான் வர மறுத்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"ஒரு சலவை போனா உக்காந்துடும்."

"சூப்பரா இருக்கும்மா" என்றாள். "நாளைக்கே துவைச்சுடறேன்."

சனிக்கிழமை நான் மூன்றாவது வரிசையில் உட்காரவில்லை, பயத்தில் பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சத்தில் இளம் பச்சைக் கவுனோடு வந்து நின்றாள். பாடினாள். கடைசி வரியில் இரண்டு கையையும் அகல விரித்து மேலே உயர்த்தினாள், உயர்த்தியபடியே நின்றாள், கைதட்டல் ஓயும் வரை இறக்கவேயில்லை. வெளியே வந்ததும் ஒரு ஆசிரியை கவுனைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். "எங்கம்மா தைச்சது" என்றாள் மகள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, ஒரே சலவைதான்" என்றார்.

"நான்தான் சொன்னேனே" என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னமும் தைக்கிறேன். தையல் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறேன்.

தைக்கத் தெரியாத நீங்கள் இதுவரை நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் நீங்கள் உங்கள் கையாலேயே ரிப்பேர் செய்தீர்களே ஒரு குழாய், அன்று சொட்டிக்கொண்டிருந்தது மறுநாள் தானாக நின்றுவிட்டதே, அன்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டீர்களா? நீங்கள் இறக்கிய குழம்பு, கூடத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ருசி கூடியிருக்கிறதே, அது ஆற ஆற ருசிக்கும் குழம்பு என்று உங்களுக்குச் சொன்னது யார்? கேட்காதீர்கள். கேட்டால் ஒரு ஸ்டூல் தேவைப்படும்.

இந்தக் கட்டுரையையும் எழுதி முடித்ததும் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதியபோது கொஞ்சம் கோணலாக இருந்ததாக ஞாபகம், இப்போது படித்தால் வரிகள் எல்லாம் நேராக இருக்கின்றன. ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன்.

"நான் என்ன பண்ணேன்?" என்றார். "ரெண்டு நாள் சும்மா வெச்சிருந்தேன். தானா உக்காந்துடுச்சு."